நெரிசல் காற்றில் இருக்கிறது: அட்-ஹாக் வலையமைப்பில் புதிதாக இறங்குவோருக்கு

ஒரு நீண்ட நடைகூடத்தில் ஆறு மடிக்கணினிகளை வரிசையாக வைத்து, ரவுட்டர் எதுவும் இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கோப்பைக் கடத்திப் பார்த்தேன். பக்கத்துக் கணினிக்குப் பறந்தது. கடைசிக் கணினிக்கு அனுப்பியபோது கொஞ்ச நேரம் ஊர்ந்தது, அப்புறம் நின்றே போனது. பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், தொலைகின்றன, இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து எல்லாக் கணினிகளிலும் அவை வரிசையில் காத்திருக்கும் பஃபரைப் பெரிதாக்கினேன். நிலைமை இன்னும் மோசமானது. ஏன் மோசமானது என்று விளங்க எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. அந்த வாரங்களை நீங்களாவது மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

மொபைல் அட்-ஹாக் வலையமைப்பில் கோபுரம் கிடையாது. நடுவில் உட்கார்ந்து எல்லோரையும் வரிசைப்படுத்தும் வைஃபை பெட்டியும் கிடையாது. ஒவ்வொரு கருவியும் தன் தரவை அனுப்பும், அடுத்தவர் தரவையும் வாங்கிக் கடத்தும். கருவிகள் நகர்வதால் இப்போது இருக்கும் பாதை அடுத்த நிமிடம் இருக்காது. அமெரிக்காவின் ராணுவ ஆய்வு அமைப்பான டார்ப்பா 1970களில் நடத்திய பாக்கெட் ரேடியோ சோதனைகளில் தொடங்கிய சங்கதி இது. இன்றைக்கு மீட்புப் பணி, ட்ரோன் கூட்டம், வண்டிக்கு வண்டி பேசுவது என்று பல இடங்களில் பயன்படுகிறது. இனி கருவியைக் கணு என்றும், ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குப் போவதைத் தாவல் என்றும் சொல்கிறேன்.

முதல் படி: காற்றின் கணக்கைத் தாளில் போடுங்கள்

கம்பி வலையமைப்பில் நெரிசல் என்றால் ஏதோ ஒரு ரவுட்டரின் வாசலில் பாக்கெட்டுகள் குவிந்திருக்கின்றன என்று பொருள். எந்த ரவுட்டர், எந்த வாசல் என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். இங்கே அப்படித் தனி வாசல் இல்லை. அருகருகே உள்ள கணுக்கள் எல்லாம் ஒரே காற்றைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒருவர் பேசும்போது அக்கம்பக்கத்தார் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். தன் வரிசையில் ஒரே ஒரு பாக்கெட் வைத்திருக்கும் கணுகூட, சுற்றியுள்ள இரைச்சலால் அதை அனுப்ப முடியாமல் நிற்கும். நெரிசல் காற்றில் இருக்கிறது. வரிசை நீள்வது அதன் அறிகுறிதான்.

ஐந்து கணுக்களை ஒரே கோட்டில் வரையுங்கள்: அ, ஆ, இ, ஈ, உ. ஒவ்வொன்றுக்கும் பக்கத்துக் கணு மட்டுமே எட்டும். அ பேசுகிறது, ஆ கேட்கிறது. கேட்டுக்கொண்டிருப்பதால் ஆ அப்போது பேச முடியாது. இ பேசினால் அதன் சத்தம் ஆவின் காதில் விழுந்து, அ சொல்வது குழம்பிவிடும். ஆகவே அ பேசும்போது கூடவே பேசக்கூடிய கணு ஈதான். மூன்று பேரில் ஒருவர். சரி, இதோடு முடிந்ததா என்றால் இல்லை. ரேடியோ அலை, சொல் புரியும் தூரத்தைத் தாண்டியும் இரைச்சலாகப் போய்க்கொண்டிருக்கும். ஈ பேசுவது ஆவுக்குப் புரியாது, ஆனால் தொந்தரவு செய்யும். எனவே அவுடன் சேர்ந்து பேசத் தகுந்தது உதான். நான்கில் ஒருவர்.

ஆக, பல தாவல் சங்கிலியில் ஒரு ஓட்டத்துக்கு, அதாவது ஒரு கணுவிலிருந்து இன்னொன்றுக்குத் தொடர்ந்து போகும் தரவுக்கு, கிடைப்பது ஒற்றைத் தாவல் வேகத்தில் கால் பங்கு. அதுவும் எல்லாக் கணுக்களும் தாளம் தப்பாமல் முறை வைத்துப் பேசினால். வைஃபையில் அப்படி முறை வைக்க யாரும் இல்லை. ஒவ்வொரு கணுவும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, கண்டபடி ஒரு எண்ணைத் தேர்ந்து அத்தனை கணம் காத்திருந்து பேசுகிறது. 2001இல் எம்ஐடி ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட சங்கிலியைச் சோதித்தபோது கிடைத்தது ஏறக்குறைய 7இல் 1 பங்குதான். 11 மெகாபிட் என்று பெட்டியில் எழுதியிருக்கும் பழைய அட்டையில் நெறிமுறைச் செலவெல்லாம் போக உருப்படியாகக் கிடைப்பது 5, 6 மெகாபிட். அதில் 7இல் 1 என்றால் 1 மெகாபிட்டுக்கும் கீழே. என் நடைகூடக் கோப்பு ஊர்ந்ததில் வியப்பே இல்லை.

இப்போது உங்கள் வலையமைப்புக்கு இதே கணக்கைப் போடுங்கள். கணுக்கள் மிக நெருக்கமாக உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த வட்டாரத்தின் வழியாக எத்தனை ஓட்டங்கள், ஒவ்வொன்றும் அங்கே எத்தனை தாவல், நொடிக்கு எத்தனை பாக்கெட், ஒரு பாக்கெட் காற்றில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எழுதிப் பெருக்குங்கள். ஓர் எடுத்துக்காட்டு: 5 ஓட்டங்கள், நொடிக்கு 20 பாக்கெட், அந்த வட்டாரத்துக்குள் 4 தாவல், காத்திருப்பும், கிடைத்தது என்று பெறுபவர் சொல்லும் ஒப்புகையும் சேர்த்து ஒரு பாக்கெட்டுக்கு 2 மில்லிநொடி. பெருக்கினால் 800 மில்லிநொடி. ஒவ்வொரு நொடியிலும் 80 சதவீதம் போய்விட்டது. மோதல்களுக்கும் திரும்ப அனுப்புவதற்கும் மீதி இருப்பது 20. இது ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் வலையமைப்பு. பெருக்கல் 1 நொடியைத் தாண்டினால், உலகத்தில் உள்ள எந்த நெரிசல் கட்டுப்பாட்டு முறையும் உங்களைக் காப்பாற்றாது. தரவைக் குறைக்க வேண்டும், அல்லது வேறு சேனல் தேட வேண்டும்.

கணு எண்ணிக்கை கூடினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு உண்டு. குப்தா, குமார் என்ற இரு ஆய்வாளர்கள் 2000இல் காட்டியது இது: யாரும் யாரோடும் பேசலாம் என்ற நிலையில் கணுக்கள் பெருகப் பெருக, ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கிக்கொண்டே போகும். கணுக்கள் 4 மடங்கானால் பங்கு பாதிக்கும் கீழே போகும். பெரும்பாலான பேச்சு பக்கத்துக் கணுக்களோடு மட்டும் என்றால் இந்தச் சுருக்கம் அவ்வளவாகக் கடிக்காது. வடிவமைக்கும்போது இதை நினைவில் வையுங்கள். தூரத்துக்குப் போகும் தரவுதான் விலை கூடியது.

இரண்டாம் படி: நெரிசலா, வேறு நோயா என்று பிரித்தறியுங்கள்

பாக்கெட் தொலைந்தது என்ற ஒரே தகவலை வைத்துக்கொண்டு மருந்து கொடுக்கக் கூடாது. அட்-ஹாக் வலையமைப்பில் பாக்கெட் தொலைய குறைந்தது நான்கு காரணங்கள் இருக்கின்றன, நான்குக்கும் மருந்து வேறு. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றுக்கு விஷமாகக்கூட ஆகும்.

கணுவில் நான்கு எண்களைப் பாருங்கள். சேனல் எத்தனை சதவீத நேரம் மும்முரமாக இருக்கிறது. ஒரு பாக்கெட்டைச் சராசரியாக எத்தனை முறை திரும்ப அனுப்ப வேண்டியிருக்கிறது. வரிசையில் பாக்கெட் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை முறை பாதை மாறுகிறது. லினக்ஸில் பல வயர்லெஸ் டிரைவர்கள் சேனலில் இருந்த மொத்த நேரத்தையும், அதில் மும்முரமாக இருந்த நேரத்தையும் மில்லிநொடியில் தரும். சில நொடி இடைவெளியில் இரண்டு முறை படித்து, கழித்து, வகுத்தால் சதவீதம் கிடைத்துவிடும். எல்லா டிரைவர்களும் இதைத் தருவதில்லை, அதனால் அட்டை வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். திரும்ப அனுப்பிய எண்ணிக்கை ஒவ்வோர் அண்டைக் கணுவுக்கும் தனித்தனியாகக் கிடைக்கும்.

சேனல் மும்முரம், திரும்ப அனுப்புவது அதிகம், வரிசையும் நீளம் என்றால் அசல் நெரிசல். சேனல் அமைதியாக இருக்கிறது, ஆனால் திரும்ப அனுப்புவது அதிகம், சிக்னலும் பலவீனம் என்றால் எதிர்க் கணு தூரம் போய்க்கொண்டிருக்கிறது. அனுப்பும் வேகத்தைக் குறைத்து ஒரு பயனும் இல்லை, வேறு பாதை தேட வேண்டும். வரிசை நீளம், காற்று அமைதி என்றால் பெரும்பாலும் பாதை கண்டுபிடிக்கப்படும்வரை பாக்கெட்டுகள் காத்துக்கிடக்கின்றன.

நான்காவது கொஞ்சம் குசும்பானது. அனுப்புபவரின் காதுக்குச் சேனல் அமைதி, சிக்னலும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் பாக்கெட் போய்ச் சேர மாட்டேன் என்கிறது. இதுதான் மறைந்த கணு. அனுப்புபவருக்குக் கேட்காத, ஆனால் பெறுபவருக்குக் கேட்கும் மூன்றாவது கணு ஒன்று அதே நேரத்தில் பேசுகிறது. இதற்காகவே ஆர்டிஎஸ்-சிடிஎஸ் என்ற முன் அனுமதி முறை இருக்கிறது: பேசட்டுமா என்று கேட்டு, பேசு என்று பதில் வந்தபின் பேசுவது. பெரிய பாக்கெட்டுக்கு இது லாபம். சின்னப் பாக்கெட்டுக்கு, கேட்டுப் பெறும் நேரமே பேசும் நேரத்தைவிடக் கூடிவிடும். எனவே நீளமான பாக்கெட்டுக்கு மட்டும் இயங்கும்படி எல்லை வையுங்கள். மேலே சொன்னபடி இரைச்சல் எட்டும் தூரம் பேச்சு எட்டும் தூரத்தைவிடக் கூடுதல் என்பதால், இது முழுத் தீர்வும் ஆகாது.

ஓர் எச்சரிக்கை. அளப்பதும் காற்றைத் தின்னும். ஐபெர்ஃப் போன்ற வேகம் அளக்கும் மென்பொருளை முழு வேகத்தில் ஓட்டி அளந்தால், நீங்கள் அளப்பது நீங்களே உண்டாக்கிய நெரிசலைத்தான். முதலில் சும்மா இருக்கும்போது பிங், அதாவது ஒரு சின்னப் பாக்கெட் போய்த் திரும்பும் நேரம், எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, அப்புறம் வழக்கமான சுமையில் பிங் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே போதுமான அளவு கதை சொல்லும்.

நடுவில் ஒரு நிறுத்தம்: விஷச் சுழல்

அடுத்த படிக்குப் போகும் முன் இதை ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால், இந்தத் துறையில் புதியவர்கள் கண்டுகொள்ளாமல் விடும் மிகப் பெரிய விஷயம் இதுதான்.

வைஃபை அட்டை ஒரு பாக்கெட்டை அனுப்பிவிட்டு ஒப்புகைக்குக் காத்திருக்கும். வராவிட்டால் இன்னும் கூடுதல் நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும். காத்திருப்புச் சாளரம், அதாவது கண்டபடி தேரும் அந்த எண்ணின் உச்சவரம்பு, 802.11பி என்ற பழைய வகை வைஃபை அட்டையில் 31இல் தொடங்கி 63, 127 என்று ஏறக்குறைய இரட்டித்து 1023இல் நிற்கும். ஒவ்வொரு கணமும் 20 மைக்ரோநொடி. சின்னப் பாக்கெட்டுக்கு வழக்கமான எல்லை 7 முயற்சி, நீளமானதற்கு 4. அதற்கப்புறம் கைவிட்டு மேலடுக்கிடம் சொல்லிவிடும்.

மேலடுக்கில் உட்கார்ந்திருப்பது பாதை தேடும் நெறிமுறை, எடுத்துக்காட்டாக ஏஓடிவி. அதற்குக் காற்றில் நடந்த மோதல் தெரியாது. முயற்சிகள் தோற்றன என்றால் பக்கத்துக் கணு நகர்ந்துவிட்டது என்று முடிவு கட்டுகிறது. உண்மையில் அந்தக் கணு அசையாமல் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் பாதை அறுந்தது என்று செய்தி போகிறது. தரவைக் கிளப்பிய மூலக் கணு புதிய பாதை கேட்டு ஊர் முழுக்கக் கூவுகிறது. கேட்டவர்கள் எல்லாம் திருப்பிக் கூவுகிறார்கள். ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த காற்றில் இந்தக் கூச்சலும் சேர்கிறது. அடுத்த இணைப்பும் தோற்கிறது. அதன் பாதையும் அறுந்ததாக அறிவிக்கப்படுகிறது.

யாரும் நகராத சோதனையிலும் பாதை மாற்றங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், இந்தச் சுழலில் மாட்டியிருக்கிறீர்கள். ஒரு முறை தோற்றதும் இணைப்பை அறுத்துவிடாமல், தொடர்ந்து சில பாக்கெட்டுகள் தோற்றால் மட்டும், அதுவும் சிக்னல் வலு உண்மையிலேயே இறங்கியிருந்தால் மட்டும் அறுக்கும்படி மாற்றுங்கள். சேனல் மும்முரமாக இருக்கும் நேரத்தில் நேர்ந்த தோல்வியைச் சந்தேகக் கணக்கில் வையுங்கள். பல வலையமைப்புகளில் இந்த ஒரு மாற்றமே பாதி வியாதியைத் தீர்த்துவிடும்.

மூன்றாம் படி: வலையமைப்பின் சொந்தக் கூச்சலைக் குறையுங்கள்

பயனாளியின் தரவைக் குறைக்கும் முன், வலையமைப்பு தனக்குத் தானே பேசிக்கொள்வதைக் குறைப்பதுதான் நியாயம். எல்லோருக்கும் பொதுவாகப் பரப்பும் செய்தி வைஃபையில் மிகவும் செலவானது. எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பதால் அடிமட்ட வேகத்தில் போகும், 2.4 கிகாஹெர்ட்ஸில் அது பெரும்பாலும் 1 மெகாபிட். அந்த வேகத்தில் 100 பைட் செய்தி முன்னொட்டோடு சேர்த்துச் சுமார் 1 மில்லிநொடி எடுக்கும்.

50 கணுக்கள் ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் இருக்கின்றன என்று வையுங்கள். நொடிக்கு ஒரு முறை ஒவ்வொன்றும் நான் இருக்கிறேன் என்று சொன்னால் 50 மில்லிநொடி, அதாவது காற்றில் 5 சதவீதம். பரவாயில்லை. இப்போது ஒவ்வொரு கணுவும் 5 நொடிக்கு ஒரு முறை தன் இணைப்புப் பட்டியலை அனுப்ப, கேட்டவர் எல்லோரும் அதை ஒரு முறை திருப்பிப் பரப்பினால்? 50 பெருக்கல் 50, 5 நொடியில் 2500 செய்தி. நொடிக்கு 500. ஒரு பயனாளியின் பாக்கெட்கூடக் கிளம்பும் முன் காற்றில் பாதி காலி.

இதைத்தான் பரப்பல் புயல் என்பார்கள். 1999இல் வந்த ஓர் ஆய்வு இதற்கு அழகான கணக்கு தந்தது: ஒரு செய்தியைக் கேட்ட கணு திருப்பிப் பரப்பினால் புதிதாக எட்டும் பரப்பு சராசரியாக 41 சதவீதம்தான், மிஞ்சிப்போனால் 61. அதே செய்தியை 4 முறை கேட்டுவிட்ட கணு பரப்பினால் கிடைக்கும் புதுப் பரப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே எளிய விதி ஒன்று: கேட்டவுடன் பரப்பாமல் கொஞ்சம் காத்திருங்கள், அதற்குள் 3, 4 முறை அதே செய்தி காதில் விழுந்தால் பேசாமல் விட்டுவிடுங்கள். கணுக்கள் அடர்த்தியாக உள்ள இடத்தில் இதன் பலன் உடனே தெரியும். ஆள் குறைவான ஓரங்களில் அந்த எல்லையை எட்டவே மாட்டீர்கள், அதனால் அங்கே கெடுதலும் இல்லை.

ஓஎல்எஸ்ஆர் என்ற பாதை தேடும் நெறிமுறை இதையே வேறு விதமாகச் செய்கிறது. ஒவ்வொரு கணுவும் தன் அண்டையரில் சிலரை மட்டும் கடத்துநர்களாகத் தேர்ந்துகொள்ளும். அவர்கள் மட்டுமே பரப்புவார்கள். நெருக்கமான, ஓரளவு நிலையான, எல்லோரும் எல்லோரோடும் பேசும் வலையமைப்புக்கு ஓஎல்எஸ்ஆர் வகை நல்லது. எப்போதாவது பேசும், சிதறிக் கிடக்கும் வலையமைப்புக்கு ஏஓடிவி போல் தேவைப்படும்போது மட்டும் பாதை தேடும் வகை சிக்கனம். ஏஓடிவி எடுத்தால் அதன் விரியும் வளையத் தேடலை அணைத்துவிடாதீர்கள். முதலில் 1 தாவல் தூரம், அப்புறம் 3, 5, 7 என்று விரித்துத் தேடி, அதிலும் கிடைக்காவிட்டால்தான் வலையமைப்பு முழுக்கக் கூவும். பாதை கேட்கும் செய்திக்கு நொடிக்கு 10 என்ற உச்சவரம்பும் அதன் தர ஆவணத்திலேயே இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம். எல்லாக் கணுக்களும் ஒரே நேரத்தில் இயக்கப்பட்டால் அவை முறை வைத்து அனுப்பும் செய்திகளும் ஒரே நேரத்தில் கிளம்பி மோதிக்கொண்டே இருக்கும். பரப்பல் செய்திக்கு ஒப்புகை இல்லை, எனவே மோதியது யாருக்கும் தெரியவும் தெரியாது. ஒவ்வொரு செய்திக்கும் கண்டபடி ஒரு சிறு தாமதம் சேர்த்துவிடுங்கள்.

நான்காம் படி: வரிசையைச் சுருக்குங்கள்

என் பஃபர் தவறுக்கு வருவோம். லினக்ஸில் நெட்வொர்க் அட்டையின் வரிசை நீளம் வெகு காலமாக 1000 பாக்கெட் என்றே இருந்து வருகிறது. 1500 பைட் பாக்கெட் என்றால் 12,000 பிட். 1000 பாக்கெட் சேர்ந்தால் 1.2 கோடி பிட். பல தாவல் போக உங்களுக்குக் கிடைக்கும் வேகம் 1 மெகாபிட் என்றால், வரிசையின் வாலில் சேரும் பாக்கெட் 12 நொடி கழித்துத்தான் வெளியே வரும். அதற்குள் பெறுபவர் இருந்த பாதையே மாறியிருக்கும். செத்த பாதைக்கான பாக்கெட்டுகளை உயிரோடு உள்ள காற்றில் அனுப்பிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் உறைத்தது.

வரிசையை முதலில் 50 பாக்கெட்டுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து, வரிசை நிரம்பும்வரை காத்திராமல் முன்கூட்டியே செயல்படும் முறை ஒன்றைப் போடுங்கள். கோடெல் என்ற முறை பாக்கெட் காத்திருந்த நேரத்தைப் பார்க்கிறது: 100 மில்லிநொடி அளவுக்குத் தொடர்ந்து காத்திருப்பு 5 மில்லிநொடிக்கு மேலேயே இருந்தால் பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கும். ஓட்டங்களைத் தனித்தனி வரிசையாகப் பிரிக்கும் இதன் அண்ணன் எஃப்க்யூ-கோடெல். பெருந்தீனிக்கார ஓட்டம் ஒன்று மற்றவற்றைப் பட்டினி போடாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த 5 மில்லிநொடியை அப்படியே விடாதீர்கள். 1 மெகாபிட்டில் ஒரே ஒரு முழு பாக்கெட் போகவே 12 மில்லிநொடி ஆகும். இலக்கு அதற்குக் கீழே இருந்தால் நல்ல பாக்கெட்டும் காரணமில்லாமல் பலியாகும். மெதுவான இணைப்பில் ஒரு முழு பாக்கெட் போகும் நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

எதைக் கைவிடுவது என்பதிலும் யோசிக்க இருக்கிறது. ஐந்தாவது தாவலில் ஒரு பாக்கெட்டை விட்டால், அது நான்கு தாவல் தின்ற காற்று மொத்தமும் வீண். கிளம்பும் இடத்திலேயே விட்டிருந்தால் ஒன்றும் நஷ்டமில்லை. எனவே கணுவின் சொந்தப் பாக்கெட்டுகளுக்கு ஒரு வரிசை, கடத்த வந்தவற்றுக்கு ஒரு வரிசை என்று பிரித்து, இடம் போதாதபோது முதலில் சொந்தத்தை நிறுத்துங்கள். பல இயல்பு அமைப்புகளில் இந்தப் பிரிவினையே இருக்காது.

பாக்கெட்டை விடுவதற்குப் பதில் குறியிடுவதும் உண்டு. ஈசிஎன் என்ற இரண்டு பிட், ஐபி தலைப்பில் ஏற்கெனவே இருக்கிறது. நெரிசல் என்று அதில் குறித்து அனுப்பிவிட்டால் பெறுபவர் மூலக் கணுவுக்குத் தெரிவிப்பார். பாக்கெட்டும் வீணாகாது. காற்று முடை உள்ள இடத்தில் இதைவிட மலிவான சேதி வேறு இல்லை. வரிசை நீளத்தோடு சேனல் மும்முரத்தையும் பார்த்துக் குறியிட்டால் இன்னும் நல்லது. வரிசை காலியாக இருந்தும் காற்று நிறைந்திருக்கும் கணுவும் அப்போது குரல் கொடுக்கும்.

ஐந்தாம் படி: கிளம்பும் இடத்தில் அடக்குங்கள்

இணையத்தில் தரவு தொலையாமல் போய்ச் சேரப் பார்த்துக்கொள்ளும் நெறிமுறையான டிசிபி, தன் நெரிசல் கட்டுப்பாட்டை 1988இல் வான் ஜேக்கப்சன் எழுதிய கட்டுரைக்குப் பின்தான் ஒழுங்காகப் பெற்றது. அதற்கு இரண்டு ஆண்டு முன் இணையத்தில் பெரிய நெரிசல் வந்து, லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக விழுந்திருந்தது. அது கம்பி உலகம். பாக்கெட் தொலைந்தால் நெரிசல்தான் என்று டிசிபி முடிவெடுப்பது அங்கே சரி. இங்கே அது அடிக்கடி தப்பு.

பாதை அறுந்ததும் டிசிபி என்ன செய்கிறது பாருங்கள். ஒப்புகை வராததால் 1 நொடியில் மறுபடி அனுப்புகிறது. அதுவும் போகாததால் காத்திருப்பை 2 நொடியாக்கி, 3வது நொடியில் மறுபடி. அப்புறம் 4 நொடி காத்திருந்து 7வது நொடியில்தான் அடுத்த முயற்சி. புதுப் பாதை 3.5 நொடியிலேயே கிடைத்துவிட்டாலும் டிசிபிக்குத் தெரியாது, மீதி 3.5 நொடி சும்மா கிடக்கும். பாதை அறுந்ததை வலையமைப்பே மூலக் கணுவுக்கு வெளிப்படையாகச் சொல்லி, அங்கே டிசிபியை உறையவைத்து, பாதை கிடைத்ததும் விட்ட இடத்தில் தொடரவைக்கும் யோசனைகள் 1990களின் இறுதியிலிருந்தே உண்டு. இயங்குதளத்தோடு வரும் டிசிபியில் இதை எதிர்பார்க்க முடியாது. சொந்த ஆய்வு என்றால் செய்து பார்க்கத் தகுந்தது.

உடனடியாகச் செய்யக்கூடியது, விண்டோவின், அதாவது ஒப்புகை வரும் முன் டிசிபி அனுப்பிவைக்கக்கூடிய பாக்கெட் எண்ணிக்கையின், உச்சத்தைக் கட்டுவது. நான்கில் ஒருவர் பேசலாம் என்ற கணக்கு இங்கே கைகொடுக்கும்: 8 தாவல் பாதையில் ஒரே நேரத்தில் பறக்கக்கூடியவை 2 பாக்கெட்டுகள்தான். தாவல் எண்ணிக்கையில் கால் பங்குக்கு மேல் விண்டோ வைத்தால் ஒரே ஓட்டத்தின் பாக்கெட்டுகளே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். டிசிபியை அதன் போக்கில் விட்டால் விண்டோ இதற்கு எத்தனையோ மடங்கு மேலே ஏறிவிடும். முதல்முறை இதைக் கட்டியபோது குறைத்தால் கூடுகிறதே என்று நானே சந்தேகப்பட்டு இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். எதிர்த் திசையில் வரும் ஒப்புகைகளும் அதே காற்றில்தான் போட்டியிடுகின்றன என்பதையும் மறந்துவிடாதீர்கள். இரண்டு பாக்கெட்டுக்கு ஓர் ஒப்புகை என்ற தாமத ஒப்புகையை அணைத்து வைத்திருந்தால் இயக்குங்கள்.

டிசிபிக்குப் பதிலாக, ஒப்புகை கேட்காத யுடிபியில் அனுப்பும் பயன்பாடுகளுக்குக் கடிவாளமே கிடையாது, நீங்கள்தான் போட வேண்டும். பாக்கெட்டுகளைக் கொத்தாகத் தள்ளாமல் இடைவெளி விட்டு அனுப்புங்கள். சேனல் மும்முரம் ஏற ஏற அனுப்பும் வீதத்தை இறக்குங்கள். ஐரோப்பாவில் வண்டிக்கு வண்டி அனுப்பும் இருப்பிடச் செய்தி நொடிக்கு 1 முதல் 10 வரை மாறக்கூடியதாக வைக்கப்பட்டிருக்கிறது. சாலை அடைத்துக்கொண்டு எல்லா வண்டிகளும் நிற்கும்போது யாரும் நொடிக்கு 10 முறை இங்கேதான் நிற்கிறேன் என்று சொல்லத் தேவையில்லை அல்லவா? உங்கள் சென்சாரும் அப்படித்தான். மாறாத அளவீட்டை அனுப்பாமல் இருப்பதைவிடச் சிறந்த நெரிசல் கட்டுப்பாடு இல்லை.

ஆறாம் படி: பாதைத் தேர்வு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் இங்கே தேவைக்கு மேல் நேரம் செலவழிக்கிறார்கள்.

குறைந்த தாவல் உள்ள பாதையே சிறந்தது என்று எண்ணாதீர்கள். தாவல் குறைய வேண்டுமானால் ஒவ்வொரு தாவலும் நீள வேண்டும். நீண்ட இணைப்பு பலவீனமானது, மெதுவானது. 11 மெகாபிட்டில் 1.1 மில்லிநொடியில் போகும் பாக்கெட் 1 மெகாபிட்டில் 12 மில்லிநொடி காற்றை அடைத்துக்கொள்ளும், பக்கத்தில் உள்ள வேகமான கணுக்களும் அதுவரை காத்திருக்க வேண்டும். ஒரு பாக்கெட் போய்ச் சேர எத்தனை முயற்சி ஆகும் என்று கணக்கிடும் ஈடிஎக்ஸ் போன்ற அளவுகோலைப் பயன்படுத்துங்கள். கணுக்கள் வெவ்வேறு வேகத்தில் பேசினால் அதையும் காற்று நேரமாக மாற்றிப் பாருங்கள்.

நெரிசலான கணுவைச் சுற்றிப்போகும் பாதைத் தேர்வு கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் சுற்றிப்போனால் சுற்றுப்பாதை நெரியும், உடனே எல்லோரும் பழைய பாதைக்குத் திரும்புவார்கள், மறுபடி அங்கே நெரியும். புதுப் பாதை கணிசமாக நன்றாக இருந்தால் மட்டும், அதுவும் சில நொடி அப்படியே நீடித்தால் மட்டும் மாறும்படி வையுங்கள். இரண்டு பாதையில் பிரித்து அனுப்பினால் இரட்டிப்பாகும் என்பதையும் நம்பாதீர்கள். அருகருகே ஓடும் இரண்டு பாதைகள், ஒரே சேனல் என்றால், காற்று ஒன்றுதான்.

உண்மையிலேயே கொள்ளளவைக் கூட்டுவது இரண்டாவது ரேடியோ. ஒன்றில் வாங்கி, வேறு சேனலில் உள்ள மற்றொன்றில் கொடுக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று தொடாத சேனல்களாக வழக்கமாக எடுப்பது 1, 6, 11 மூன்றைத்தான். ஒரே பெட்டிக்குள் ஆன்டெனாக்கள் ஒட்டி இருந்தால் அவைகூட ஒன்றை மற்றொன்று செவிடாக்கும். ஒன்றை 5 கிகாஹெர்ட்ஸில் வைத்துவிடுங்கள்.

ஏழாம் படி: சோதிக்கும்போது ஏமாறாதீர்கள்

சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் போய்ச் சேர்ந்த தரவையும் தாமதத்தையும் வரைபடமாகப் போடுங்கள். ஒரு புள்ளிவரை இரண்டும் ஒழுங்காகப் போகும். அதைத் தாண்டியதும் தாமதம் எகிறும், போய்ச் சேரும் தரவு நிற்காமல் கீழே இறங்கும். இறங்கத் தொடங்கும் அந்தப் புள்ளிதான் உங்கள் எல்லை. நீங்கள் செய்யும் எந்த மாற்றமும் அந்தப் புள்ளியை வலப்பக்கம் நகர்த்தியதா என்று மட்டும் பாருங்கள். சராசரித் தாமதத்தை நம்பாமல் 100இல் மோசமான 5 பாக்கெட்டுகள் எவ்வளவு தாமதித்தன என்று கேளுங்கள்.

என்எஸ்-3 போன்ற சிமுலேட்டரில் ஓட்டினால், கண்டபடி அலையும் நகர்வு மாதிரியில் குறைந்தபட்ச வேகத்தைச் சுழியமாக விடக்கூடாது. மிக மெதுவான வேகம் வாய்த்த கணு தன் இலக்கை அடையவே வெகு நேரம் எடுக்கும். அப்படிப்பட்டவை சேரச் சேர மொத்த வலையமைப்பின் சராசரி வேகம் இறங்கிக்கொண்டே போகும். முடிவில் நகரும் வலையமைப்பைச் சோதிப்பதாக நினைத்து நகராத ஒன்றைச் சோதித்திருப்பீர்கள். ஒரே விதை எண்ணில் (சிமுலேட்டரின் தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) ஓட்டிய ஒற்றை முடிவையும் யாரிடமும் காட்டாதீர்கள். பத்து விதைகளிலாவது ஓட்டி, முடிவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

உண்மையான கருவிகளில் என்றால் இன்னொரு பொறி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மேசையில் அடுக்கிவிட்டு, மேக் முகவரி (ஒவ்வொரு அட்டைக்கும் உள்ள அடையாள எண்) வடிகட்டியால் பக்கத்துக் கணுவை மட்டும் கேட்கும்படி செய்து, பல தாவல் வலையமைப்பு என்று சொல்லிக்கொள்வது. வடிகட்டி பாக்கெட்டை மறைக்குமே தவிர ரேடியோ அலையை மறைக்காது. எல்லாக் கணுக்களும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். மறைந்த கணு என்ற தொல்லையே அங்கே எழாது, தொலைவில் உள்ள இரண்டு கணுக்கள் ஒரே நேரத்தில் பேசும் லாபமும் கிடைக்காது. அனுப்பும் திறனைக் குறைத்து, கணுக்களைப் பிரித்து வையுங்கள். இடம் இல்லையென்றால் ஆன்டெனா இணைப்பில் சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டரைப் பொருத்துங்கள்.

ஒவ்வொரு சோதனைக்கும் நேரம், சேனல், அனுப்பும் திறன், கணு நின்ற இடம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். என் நடைகூடச் சோதனையில் ஒரே அமைப்பு காலையில் நன்றாகவும் மாலையில் மோசமாகவும் வந்துகொண்டிருந்தது. மூன்று நாள் நெறிமுறையைக் குடைந்தபின்தான் தெரிந்தது, மாலையில் யாரோ நடுவில் இருந்த இரும்புக் கதவைச் சாத்திவிட்டுப் போவது. அன்றிலிருந்து என் குறிப்பேட்டில் கதவுக்கும் ஒரு பத்தி இருக்கிறது.